பூட்டு திறக்கத் தெரியாத திருடனும் நர்ஸம்மாவின் கதவும்

1. காத்தமுத்து வேலைக்கு வந்த நாள்

பிரிக்பீல்ட்ஸில் ஓர் இரும்புச் சாமான் கடையில் நான் பதினொரு வருஷம் பூட்டு வேலை பார்த்தேன். பூட்டை விற்பது முதலாளி. அதைக் கொண்டுபோய் வீட்டுக் கதவில் மாட்டுவது, சாவி தொலைந்தால் திறந்து கொடுப்பது, துருப்பிடித்தால் பிரித்து எண்ணெய் போடுவது எல்லாம் நான். என்னுடைய முதல் நாள் எனக்கு நினைவில்லை. காத்தமுத்துவின் முதல் நாள் நன்றாக நினைவிருக்கிறது. புதன்கிழமை அவன் புடு ஜெயிலிலிருந்து வெளியே வந்தான். வியாழக்கிழமை காலை எங்கள் கடையில் சேர்ந்தான்.

முதல் உலகச் சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சீமையிலிருந்து சாமான்கள் மறுபடி ஒழுங்காக வரத் தொடங்கியிருந்தன. எங்கள் கடைக்கு உள்ளே ஆறு லிவர் தகடுகள் வைத்த பித்தளைத் தொங்கு பூட்டு ஒன்று வந்தது. கையில் எடுத்தால் நல்ல கனம். அதே பூட்டு எதிர்க் கடைக்கும் வந்தது. அதுதான் எங்கள் முதலாளி காசிம் ராவுத்தருக்குத் தூக்கம் கெட்டதற்குக் காரணம்.

"எதிர்க் கடைக்காரனும் நல்ல பூட்டுங்கறான். நானும் நல்ல பூட்டுங்கறேன். வாங்க வர்றவன் யாரை நம்புவான்?" என்று என்னிடம் கேட்டார்.

"தெரியலைங்க முதலாளி."

"திருடன் சொன்னா நம்புவான் லா."

இப்படித்தான் காத்தமுத்து வந்தான். நாற்பது வயதிருக்கும். ஒல்லி. பேசும்போது தரையைப் பார்த்துப் பேசுவான். முதலாளி அவனை முக்காலியில் உட்கார வைத்து, கிளார்க் வேலைக்கு ஆள் எடுப்பதுபோல விசாரித்தார்.

"எத்தனை தடவை உள்ள போயிருக்கே?"

"அஞ்சு தடவைங்க."

"அஞ்சா." முதலாளி என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார். "அனுபவம் இருக்கு."

அஞ்சு தடவை உள்ளே போனவன் என்றால் அஞ்சு தடவை பிடிபட்டவன் என்றுதானே பொருள் என்று எனக்குத் தோன்றியது. நான் அதைச் சொல்லவில்லை.

முதலாளி தச்சனை வைத்து ஒரு நிலையும் கதவும் செய்து கடை வாசல் நடைபாதையில் நிறுத்தினார். முன்னாலும் வீடு இல்லை, பின்னாலும் வீடு இல்லை, கதவு மட்டும். அதில் ஆறு லிவர் பூட்டைத் தொங்கவிட்டார். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து ஜனங்கள் போகும் நேரமாகப் பார்த்து, ஒரு தகரத்தைத் தட்டிக் கூட்டம் சேர்த்தார். "இவர் அஞ்சு தடவை ஜெயிலுக்குப் போய் வந்த திருடர். சந்தேகம் இருந்தா அவரையே கேளுங்க" என்று அறிமுகப்படுத்தினார். காத்தமுத்து எழுந்து கும்பிட்டான்.

பிறகு அவன் கம்பியும் அரமுமாகப் பூட்டின் முன்னால் குந்தினான். அரை மணி நேரம் போராடினான். வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது. ஒரு தடவை கம்பி முறிந்து விரலைக் கிழித்தது. கூட்டத்தில் சிலர் இரக்கப்பட்டு யோசனைகூடச் சொன்னார்கள். பூட்டு அசையவில்லை. கடைசியில் அவன் எழுந்து, "முடியலைங்க" என்றான். ஜனங்கள் கை தட்டினார்கள். அன்றைக்கு வந்த பூட்டெல்லாம் அன்றைக்கே விற்றுப் போயிற்று.

வாரா வாரம் இது நடந்தது. நாலாவது சனிக்கிழமை எதிர்க் கடைக்காரரே தம் கடையைச் சாத்திவிட்டு வந்து முன்வரிசையில் நின்றார்.

எனக்கு மட்டும் ஒரு சங்கடம். ஒரு திங்கட்கிழமை காலை, கடை திறக்கும் முன், அந்தப் பூட்டை நான் எடுத்துப் பார்த்தேன். இரண்டு கம்பி போதுமானதாக இருந்தது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் நேரத்தில் திறந்துகொண்டது. முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "நீ திருடனா?"

"இல்லைங்க."

"அப்புறம் என்ன. போய் வேலையைப் பாரு."

2. நர்ஸம்மா வீட்டில் நான் பார்த்தது

பூட்டு வாங்கியவர்களில் ஞானம்மாள் ஒருவர். மருத்துவச்சி. ஊரில் எல்லாருக்கும் நர்ஸம்மா. கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் கிடையாது. ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பலகை வீட்டில் தனியாக இருந்தார். அவர் கை பட்டுப் பிறந்த பிள்ளைகள் பிரிக்பீல்ட்ஸிலிருந்து சாலாக் செலாத்தான் வரை இருந்தார்கள்.

நான் பூட்டை எடுத்துக்கொண்டு போனபோது அவர் வாசலிலேயே நின்றார்.

"எனக்குத் திருடன் மேல பயம் இல்ல மாணிக்கம்," என்றார். "ஒரு பொண்ணு வலியில இருக்கும்போது என் மனசு அங்க இருக்கணும். 'வீடு என்ன ஆச்சோ'ன்னு ஒரு நினைப்பு வந்துச்சுன்னா கை தப்பிப் போயிடும். அதுக்குத்தான் பூட்டு."

வீட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு தையல் மெஷின். அதில்தான் பிறக்கும் பிள்ளைகளுக்குச் சட்டை தைப்பார். கணவர் வாங்கிய சுவர்க் கடிகாரம். பெட்டியில் இரண்டு பட்டுச் சேலை.

நான் பழைய கொண்டியைக் கழற்றிப் புதியதைக் கெட்டியாகப் பதித்து, பூட்டை மாட்டினேன். அப்போதுதான் கதவின் கீல் பக்கத்தைப் பார்த்தேன். அறை சின்னது என்பதால் தச்சன் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்திருந்தான். பட்டைக் கீல்கள் இரண்டும் வெளியே இருந்தன. கீலுக்கு நாலு ஸ்க்ரூவாக எட்டு ஸ்க்ரூத் தலைகள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு திருப்புளி இருந்தால் பூட்டைத் தொடாமலே கதவைக் கழற்றி எடுத்துவிடலாம்.

சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அதற்கு முந்தின மாதம் ஒரு வீட்டில் பூட்டு மாட்டப் போன இடத்தில், "உங்க சுவரே உளுத்துக் கிடக்கு" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் கோபப்பட்டுப் பூட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "பூட்டு கேட்டா பூட்டை மாட்டு. வீட்டுக்குக் குறை சொல்ல உன்னை யாரும் அனுப்பல" என்று கடுமையாகச் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சு காதில் இருந்தது. நான் திருப்புளியைப் பெட்டியில் வைத்து மூடினேன்.

"இனி பயமில்லையே?" என்று நர்ஸம்மா கேட்டார்.

"பூட்டு நல்ல பூட்டும்மா," என்றேன்.

3. கதவு விழுந்தது

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. காத்தமுத்து வழக்கம்போலத் தோற்று முடித்து, கூட்டம் கலைந்து, நான் நடைபாதையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். நர்ஸம்மா வந்தார். ஒரு கையில் பிரசவப் பை. நெற்றியில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் முதலாளி.

"சாலாக் செலாத்தான்ல பிரசவம் பார்த்துட்டு இப்பத்தான் வீட்டுக்கு வந்தேன். சாவியைப் போட்டுப் பூட்டைத் திறந்தேன். கதவு முழுசா என் மேல விழுந்துச்சு."

யாரோ எட்டு ஸ்க்ரூவையும் கழற்றி, கதவைக் கீல் பக்கமாகத் திறந்து உள்ளே போய், தையல் மெஷினையும் கடிகாரத்தையும் சேலைகளையும் எடுத்துக்கொண்டு, வெளியே வந்து கதவை மறுபடி நிலையில் பொருத்திச் சாத்தி வைத்துவிட்டுப் போயிருந்தான். மரியாதை தெரிந்த திருடன். தெருவில் போன ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கதவை நிறுத்தி வைத்திருந்தது பூட்டு ஒன்றுதான். அதைத் திறந்ததும் கதவு வந்துவிட்டது.

முதலாளி மெதுவாகக் கேட்டார்: "அப்ப பூட்டு?"

"பூட்டுக்கு ஒண்ணும் ஆகல."

என் கையிலிருந்த துடைப்பம் கீழே விழுந்தது. முதலாளியின் முகம் மலர்ந்தது. இரண்டையும் நர்ஸம்மா பார்த்தார்.

போலீஸ் கார்ப்பரல் ஒருவர் வந்தார். தமிழர்தான். நர்ஸம்மா வீட்டு வாசலில் கிடந்த கதவைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், நேரே எங்கள் கடைக்கு வந்து காத்தமுத்துவின் கையைப் பிடித்தார்.

"இன்னிக்கு மத்தியானம் எங்க இருந்தே?"

"இங்கதாங்க."

"இங்க என்ன பண்ணினே?"

"பூட்டைத் திறக்க முடியாம இருந்தேங்க."

"சாட்சி?"

காத்தமுத்து தயங்கினான். "நீங்களும்தாங்க இருந்தீங்க. அந்தத் தூண் பக்கத்துல. கடலை தின்னுக்கிட்டு."

கார்ப்பரல் தூணைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, நோட்டில் எதையோ எழுதி, எழுதியதை அடித்தார்.

கதவைச் சரிசெய்து கொடுக்கிறேன் என்று முதலாளி நர்ஸம்மாவிடம் சொன்னார். அதுவரைக்கும் மறைப்புக்கு ஒரு தார்ப்பாய் கொடுத்தார். கதவை எடுத்து வர என்னையும் காத்தமுத்துவையும் அனுப்பினார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். அவன் என்றைக்கும் இல்லாமல் தலையை நிமிர்த்தி, கீல் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தான்.

"ஸ்க்ரூ வெளிய இருந்திருக்கு. இது உங்களுக்குத் தெரியாதா அண்ணே?"

நான் பேச்சை மாற்றி, "அந்தப் பூட்டை அரை மணி நேரம் நோண்டுறியே, உண்மையிலேயே உனக்குத் திறக்க வராதா?" என்று கேட்டேன்.

"நான் ஜென்மத்துல பூட்டைத் தொட்டதில்ல அண்ணே. பூட்டியிருக்கிற இடத்துக்கு எவன் போவான்? பின்பக்கம் போவேன். கழுவுற தண்ணி போற ஓட்டை, அடுப்படி ஜன்னல், கூரை ஓடு. எது தொறந்து கிடக்கோ அது. இவன் எவனோ தொழிலுக்குப் புதுசு. முன்வாசல்ல நின்னு எட்டு ஸ்க்ரூ கழட்டியிருக்கான்."

"இதை முதலாளிகிட்ட ஏன் சொல்லல?"

"பூட்டைத் திறன்னு சொன்னாரு. முயற்சி பண்ணினேன். வேற ஒண்ணும் கேக்கலையே." கதவை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு சொன்னான்: "நீங்க சொன்னீங்களா?"



4. வீடு போச்சு, பூட்டு போகவில்லை

மறுநாள் காலை நான் கீலுக்குப் புது மரத்துண்டு வெட்டிக்கொண்டிருந்தேன். முதலாளி வந்து கதவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு அந்த வீடில்லாத கதவை எடுத்துவிட்டு, நர்ஸம்மாவின் கதவைக் கடை முகப்பில் தொங்கவிடச் சொன்னார். கொண்டியில் பூட்டு மாட்டியபடியே இருந்தது. பக்கத்தில் பலகையில் வெள்ளைப் பெயின்டால் எழுதினார்: வீடு போச்சு, பூட்டு போகவில்லை.

"அந்தம்மா வீட்டுக்குக் கதவு வேணுமேங்க," என்றேன்.

"ரெண்டு நாள் லா. ஊர் பாக்கட்டும்."

ஊர் பார்த்தது. கிள்ளானிலிருந்துகூட ரயிலேறி வந்து பார்த்தார்கள். ஆனால் வந்தவர்கள் முதலாளி நினைத்ததுபோல் பூட்டை மட்டும் பார்க்கவில்லை. கீல் இருந்த இடத்தையும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தங்கள் கதவைப் பார்த்தார்கள். மறுநாள் திரும்பி வந்து, "உங்க திருடரைக் கொஞ்சம் எங்க வீட்டுக்கு அனுப்பி வைங்க. எந்தப் பக்கமா வருவாருன்னு பாத்துச் சொல்லட்டும்" என்று கேட்டார்கள்.

முதலாளி என்னையும் உடன் அனுப்பினார். நாங்கள் வீடு வீடாகப் போனோம். காத்தமுத்துவுக்கு நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்தார்கள். அவன் காப்பியைக் குடித்துவிட்டு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடப்பான். பிறகு தரையைப் பார்த்தபடி, "நான் வந்தா குளியலறைக் கூரை வழியா வருவேங்க. அந்த மூணாவது ஓடு ஆடுது. பீரோ சாவி அரிசிப் பானையில இருக்குன்னு நினைக்கிறேன்" என்பான். வீட்டுக்கார அம்மாவின் முகம் வெளுக்கும். சாவி அரிசிப் பானையில்தான் இருக்கும்.

ஒரு வீட்டில் மட்டும் வம்பாகிவிட்டது. ரயில்வேயில் தலைமைக் கிளார்க்காக இருந்த ஒரு யாழ்ப்பாணத்தவரின் வீடு. காத்தமுத்து சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த வீட்டுக்கு நான் வரமாட்டேங்க. நீங்க கவலைப்படாதீங்க" என்று நல்ல எண்ணத்தில் சொன்னான்.

கிளார்க்கின் மனைவி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஏன், எங்கட வீட்டில களவெடுக்க ஒண்டுமில்லையோ?"

"அப்படி இல்லைங்கம்மா. அக்கம்பக்கம் வீடு ஜாஸ்தி..."

"பக்கத்து வீட்டுக்கு வருவன் எண்டு சொன்னனீர்தானே. அவையளிட்ட இருக்கிறது எங்களிட்ட இல்லையோ? உள்ளுக்கு வந்து வடிவாப் பாரும்."

அவர் பெட்டியைத் திறந்து சங்கிலி, வளையல், வெள்ளிச் செம்பு எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக எடுத்து வைத்தார். காத்தமுத்து பயந்துபோய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். கடைசியில், "வருவேங்கம்மா. கண்டிப்பா வருவேன். கிணத்துப் பக்கமா" என்று சொன்ன பிறகுதான் எங்களை விட்டார்.

இப்படி ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்ததில் எனக்கு ஒன்று புரிந்தது. இந்த வீடுகளில் பாதிக்கு மேல் நானே பூட்டு மாட்டியவை. எல்லாப் பூட்டும் ஒழுங்காக இருந்தது. ஒரு வீடும் ஒழுங்காக இல்லை.

5. ஆணிக் கடையில் பிரசவம்

நாலு நாள் ஆயிற்று. கதவு திரும்பிப் போகவில்லை. ஐந்தாம் நாள் காலை நர்ஸம்மா ஒரு ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். கூடவே ஒரு தகரப் பெட்டி, பாய், சுருட்டிய தார்ப்பாய், பிரசவப் பை. தராசுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்து அதன்மேல் உட்கார்ந்தார்.

"என்னம்மா இது?" என்றார் முதலாளி.

"என் வீட்டுக்குக் கதவு இல்ல. கதவு இங்க இருக்கு. அதனால நானும் இங்க இருக்கேன்."

"ரெண்டு நாள்ல..."

"பரவாயில்ல. அவசரம் இல்ல."

நர்ஸம்மா பையிலிருந்து ஒரு சின்னச் சட்டையை எடுத்துக் கையாலேயே தைக்கத் தொடங்கினார். தையல் மெஷின்தான் போய்விட்டதே. முதலாளி அவரிடம் கோபப்பட முடியாது. அவருடைய மூன்று பிள்ளைகளும் நர்ஸம்மா கையில் பிறந்தவர்கள். கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் அவரைக் கும்பிட்டு, நெற்றி வீக்கத்தை விசாரித்து, கதவைப் பார்த்து, பிறகு முதலாளியைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு ஒரு பழைய பூட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அதில் பிரிக்க ஒன்றுமே மிச்சமில்லை.

பகல் பதினொரு மணிக்கு ஒரு மாட்டு வண்டி கடை வாசலில் வந்து நின்றது. வண்டிக்காரர் குதித்து இறங்கி, "நர்ஸம்மா இங்க இருக்காங்கன்னு சொன்னாங்க" என்றார். வண்டியில் அவர் மனைவி. முதல் பிரசவம். நர்ஸம்மா வண்டியில் ஏறிப் பார்த்துவிட்டு உடனே இறங்கினார்.

"வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக நேரமில்ல. கடையில படுக்க வைக்க எங்க இடம் இருக்கு?"

கடையின் பின்கட்டு பெயின்ட் வைக்கும் இடம். தரையெல்லாம் ஆணியும் இரும்புத் தூளும்.

நர்ஸம்மா முகப்பைப் பார்த்தார். "அந்தக் கதவை இறக்குங்க."

"அது விளம்பரத்துக்கு..." என்றார் முதலாளி.

"இறக்குங்க."

அவர் குரலை உயர்த்தவில்லை. முதலாளி தாமே ஒரு பக்கம் பிடித்து இறக்கினார். இரண்டு ஆணிப் பீப்பாய்களை உருட்டி வந்து, பூட்டு கீழே இருக்கும்படி கதவை அவற்றின்மேல் கிடத்தினோம். நர்ஸம்மா தம் பாயை அதன்மேல் விரித்தார். நானும் காத்தமுத்துவும் தார்ப்பாயைக் கயிற்றில் கட்டி மறைத்தோம். பிறகு நர்ஸம்மா என்னைச் சுடுதண்ணீருக்குப் பக்கத்துக் காப்பிக்கடைக்கு விரட்டினார். நான் திரும்பி வந்தபோது தார்ப்பாயின் ஒரு முனை நிற்கவில்லை என்று காத்தமுத்து அதைக் கையால் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி, கண்களையும் இறுக மூடிக்கொண்டு நின்றான்.

முதலாளி வாசலில் தெருவைப் பார்த்து நின்றார். கடைக்கு வந்தவர்களிடம், "இன்னிக்கு ஆணி இல்லப்பா" என்றார்.

"கீல் இருக்கா?"

"கீலும் இல்ல. எதுவும் இல்ல."

"கடை தொறந்திருக்கே."

"உள்ள வேலை நடக்குது."

அப்போது உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் அலறல் வந்தது. வந்தவர் அதற்குமேல் கேள்வி கேட்கவில்லை. வண்டிக்காரர் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். நர்ஸம்மா ஒரே குரலில், மெதுவாக, ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் குரல் ஒரு தடவைகூட மாறவில்லை. வீட்டில் கதவில்லை, தார்ப்பாயும் இங்கே வந்துவிட்டது, திறந்த வீடு அப்படியே கிடக்கிறது. அவர் மனசு முழுக்க அந்தப் பெண்ணிடம் இருந்தது.

பன்னிரண்டரை மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. காத்தமுத்து கண்ணைத் திறக்காமலே, "என்ன புள்ளைங்க?" என்று கேட்டான்.

சாயங்காலம் வரை தாயும் பிள்ளையும் அங்கேயே இருந்தார்கள். முதலாளி வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. பிறகு அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு பொம்பளை புள்ளை பெத்த கதவை எப்படிப்பா கடை வாசல்ல மாட்டுறது? கொண்டுபோய்க் கொடுத்துடு" என்றார். அந்த எழுத்துப் பலகையைத் தாமே கழற்றி உள்ளே வைத்தார்.

தாயையும் பிள்ளையையும் கதவோடு தூக்கி வண்டியில் வைத்தோம். கதவு முதலில் வண்டிக்காரர் வீட்டுக்குப் போயிற்று. அவர்களை இறக்கிவிட்டு, கழுவித் துடைத்து, நர்ஸம்மா வீட்டுக்குப் போயிற்று. வண்டிக்காரர் தெருவெல்லாம் கதை சொல்லிக்கொண்டு போனார்.

6. உருண்டைத் தலை போல்ட்

மறுநாள் காலை நான் மட்டும் போனேன். இந்தத் தடவை ஸ்க்ரூ எடுத்துப் போகவில்லை. எட்டு போல்ட். வெளியே தலை உருண்டையாக, திருப்புளி பிடிக்க வெட்டு இல்லாமல் இருக்கும். உடம்பு கதவையும் நிலையையும் ஊடுருவி உள்ளே வரும். நட்டை உள்ளேயிருந்து முடுக்க வேண்டும். ஸ்க்ரூவைவிடக் கூடுதலாக அரை மணி நேரம் ஆகும் வேலை. அவ்வளவுதான்.

நர்ஸம்மா பெட்டியின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி நட்டை முடுக்கும்போது நான் சொல்லிவிட்டேன்.

"அம்மா, அன்னிக்கே இதைப் பார்த்தேன். பூட்டு மாட்ட வந்த அன்னிக்கு. ஸ்க்ரூ எல்லாம் வெளிய இருக்குன்னு தெரியும். சொல்லல."



"ஏன்?"

"பூட்டுக்குத்தான் கூப்பிட்டீங்க. மத்ததைச் சொல்லக் கூடாதுன்னு முதலாளி..."

"ஒரு வீட்ல தலைவலின்னு மருந்து கேட்டுக் கூப்பிடுறாங்க. போறேன். வயித்துல புள்ளை குறுக்கே கிடக்குன்னு கண்ணுக்குத் தெரியுது. 'என்னைத் தலைவலிக்குத்தான் கூப்பிட்டாங்க'ன்னு நான் வாயை மூடிக்கிட்டு வந்துட்டா, நீ என்னை என்ன சொல்லுவே மாணிக்கம்?"

ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் கோபமாகக் கேட்கவில்லை. பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

"சரி," என்றார். "முன்கதவு முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா."

"பின்கதவு?"

"பார்க்கலைம்மா."

"பாரு."

நான் வீட்டைச் சுற்றிப் பின்னால் போனேன். இரண்டு தடவை இந்த வீட்டுக்கு வேலைக்கு வந்தவன், பின்பக்கம் போனது அதுதான் முதல் தடவை. அடுப்படிக் கதவுக்குப் பூட்டும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. உள்ளே இரண்டு வளையம். அவற்றில் ஒரு தோசைக் கரண்டியைச் செருகி வைத்திருந்தார். வெளியே நின்று கதவை ஒரு தட்டுத் தட்டினேன். கரண்டி கீழே விழுந்து கதவு திறந்துகொண்டது. உள்ளேயிருந்து நர்ஸம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். திருட வந்தவன் முன்வாசலில் நின்று எட்டு ஸ்க்ரூவைக் கழற்றியிருக்கிறான். புதுப் பூட்டு அவனையும் ஏமாற்றிவிட்டது போலும்.

நர்ஸம்மாதான் முதலில் சிரித்தார். வீக்கம் வலித்ததால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்கே அந்தக் கதவுக்கு ஓர் இரும்புத் தாழ்ப்பாள் போட்டேன். தையல் மெஷினும் கடிகாரமும் கடைசிவரை கிடைக்கவில்லை. அடுத்த தீபாவளிக்கு முன்னால் முதலாளி, யாரும் கேட்காமலே, பழைய தையல் மெஷின் ஒன்றை வாங்கி அவருக்கு அனுப்பினார்.

காத்தமுத்துவைக் காப்பார் என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஸ்டோர் காவலுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒரு பூட்டும் திறக்கத் தெரியாத திருடன் என்று ஊரே அறிந்த ஆள். அவனைவிட நம்பிக்கையான காவல்காரன் கிடைப்பானா என்று தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி எங்கள் முதலாளியிடம் கேட்டாராம். காத்தமுத்து அங்கே போன முதல் நாளே ஸ்டோரின் பின்சுவரில் இருந்த ஓட்டையை அடைத்தான் என்று கேள்விப்பட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். எந்த வீட்டுக்கு, எதற்காகக் கூப்பிட்டாலும், கருவிப் பெட்டியைத் திறக்கும் முன் வீட்டை ஒரு தடவை முழுசாகச் சுற்றி வாருங்கள். பார்த்ததைச் சொல்லுங்கள். நன்றி சொல்ல மாட்டார்கள். "உன்னைக் கூப்பிட்டது முன்கதவுக்கு" என்பார்கள். கிள்ளானில் ஒரு வீட்டில் என்மேல் நாயை அவிழ்த்துவிட்டார்கள். நான் ஓடினேன். ஓடிக்கொண்டே, வீட்டுக்காரருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்: "ஐயா, கோழிக்கூண்டுப் பக்கத்து ஜன்னலுக்குக் கம்பி இல்லை."